ஏழு இடங்களில் இருக்கும் ஒரு சொல்

2022 மார்ச் 15ஆம் தேதி கர்நாடக உயர் நீதிமன்றம், கல்லூரி வகுப்பறையில் ஹிஜாப் அணியலாமா என்ற வழக்கில் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி ரிது ராஜ் அவஸ்தி, நீதிபதிகள் கிருஷ்ண எஸ். தீட்சித், ஜே.எம். காஜி ஆகிய மூவர் அமர்வு. 129 பக்கம். தீர்ப்பைச் சுற்றி நடந்த கூச்சலில் எல்லாரும் தாண்டிப் போன ஒரு வாக்கியம் அதில் இருக்கிறது. ஹிஜாப் என்ற சொல்லின் வேரை விளக்கி, தடுப்பு, திரை என்பதே அதற்கு நெருங்கிய பொருள் என்று சரியாகச் சொல்லிவிட்டு, அந்தச் சொல் குர்ஆனில் கையாளப்படவில்லை, இதில் மறுப்புக்கு இடமில்லை, உரையாசிரியர்கள் கையாண்டிருக்கலாம் என்று போகிறது தீர்ப்பு.

கையாளப்பட்டிருக்கிறது. ஏழு இடங்களில்.

பெண்கள் தலையில் அணியும் துணி என்ற பொருளில் அந்தச் சொல் குர்ஆனில் இல்லை என்று நீதிபதிகள் எழுதியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர்கள் மனத்தில் இருந்ததும் அதுவாகவே இருக்கலாம். ஆனால் எழுத்தில் நிற்பது வேறு. நாட்டையே உலுக்கிய ஒரு வழக்கில், மறுக்க முடியாதது என்ற முத்திரையோடு, ஒரு நிமிடத்தில் சரிபார்த்திருக்கக்கூடிய ஒரு தகவல் பிசகி நிற்கிறது. அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் மேல்விஷாரத்தில் பிறந்தவள். வேலைக்காக பெங்களூரு வந்து, பிரேசர் டவுனிலேயே தங்கிவிட்டேன். என் பிழைப்பே சொற்களோடுதான். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் தமிழ், உருது, கன்னட உரைகளைத் தொகுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் அது பெயரா வினையா, எந்த வேரில் வந்தது, அந்த இடத்தில் என்ன பொருள் என்று குறிக்கும் வேலை. இப்படித் திரட்டிக் குறியிட்ட உரைத்தொகுதியைத் தரவகம் என்கிறார்கள். ஆபீசில் எல்லாரும் சொல்வது கார்ப்பஸ். ஒரு சொல்லின் பொருளை அகராதியில் தேடுவதற்கு முன், அந்தச் சொல் வருகிற எல்லா வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கு, சொல் நடுவில் நிற்கட்டும், இடமும் வலமும் என்னென்ன சொற்கள் கூட வருகின்றன என்று பார்: தரவக மொழியியலின் அடிப்படை இவ்வளவுதான். ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ள அதன் சகவாசத்தைப் பார்க்க வேண்டும் என்று ஜே.ஆர். ஃபர்த் என்ற ஆங்கிலேய மொழியியலாளர் 1950களில் சொன்னார். அவருக்குப் பின் பர்மிங்காமில் ஜான் சின்கிளேர் இந்த வழியிலேயே ஒரு முழு ஆங்கில அகராதியைக் கட்டி 1987இல் வெளியிட்டார்.

தீர்ப்பு வந்த வாரம் என் தங்கை மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். அப்போது பி.யு. இரண்டாம் ஆண்டு, தமிழ்நாட்டுக் கணக்கில் பிளஸ் டூ. “கோர்ட்டே சொல்லிட்டாங்களே பெரியம்மா, குர்ஆன்ல அந்த வார்த்தையே இல்லையாமே?” என்று கேட்டாள். நம்பிக்கை உடைந்த குரல் அது. அவள் வகுப்பில் அதை வைத்தே இரு தரப்பாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். நான் மடிக்கணினியைத் திறந்து, லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் குர்ஆன் அரபுத் தரவகத்தில் ஹ-ஜ-ப என்ற வேரை எடுத்துக் கொடுத்தேன். எட்டு வரிகள் வந்தன. ஏழு இடத்தில் ஹிஜாப். எட்டாவது அதே வேரில் பிறந்த இன்னொரு வடிவம், 83ஆம் அத்தியாயத்தில்.

அந்த ஏழையும் வாசகருக்கும் காட்டிவிடுகிறேன். 7:46இல், அதாவது 7ஆம் அத்தியாயத்தின் 46ஆம் வசனத்தில், சொர்க்கவாசிகளுக்கும் நரகவாசிகளுக்கும் நடுவில் ஒரு ஹிஜாப். 17:45இல் நபி குர்ஆன் ஓதும்போது அவருக்கும் மறுமையை நம்பாதவர்களுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஹிஜாப். 19:17இல் மர்யம் தம் மக்களிடமிருந்து விலகி ஒரு ஹிஜாப் ஏற்படுத்திக்கொள்கிறார். 33:53இல் நபியின் மனைவியரிடம் ஏதாவது கேட்பதானால் ஹிஜாபுக்குப் பின்னாலிருந்து கேளுங்கள் என்று வீட்டுக்கு வருகிற ஆண்களுக்குக் கட்டளை. 38:32 சுலைமான் நபியின் குதிரைகளைப் பற்றிய இடம். சூரியன் ஹிஜாபுக்குள் மறைந்தது என்று பெரும்பாலான உரையாசிரியர்கள் கொள்கிறார்கள், மறைந்தது குதிரைகள் என்பாரும் உண்டு. 41:5இல் எங்களுக்கும் உமக்கும் நடுவில் ஹிஜாப் இருக்கிறது என்று நபியை மறுப்பவர்களே சொல்கிறார்கள். 42:51இல் இறைவன் மனிதனோடு பேசும் வழிகளில் ஒன்று, ஹிஜாபுக்குப் பின்னாலிருந்து பேசுவது.

இனி பக்கத்துச் சொற்களைப் பாருங்கள். மூன்று இடத்தில் ‘பைன’, அதாவது நடுவில், என்ற சொல் கூடவே வருகிறது. இரண்டு இடத்தில் ‘மின் வராஇ’, பின்னாலிருந்து. இரண்டு தரப்பு, அவற்றுக்கு இடையே ஒன்று: குர்ஆனில் இந்தச் சொல் பெரும்பாலும் இப்படியே நிற்கிறது. ஒரு பெண் உடுத்திக்கொள்ளும் பொருளாக ஓரிடத்திலும் இல்லை. தங்கை மகள் வரிவரியாகப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். “அப்ப ரெண்டு பேரும் தப்பா?” என்றாள். அந்தக் கேள்வி வந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

பெண்களின் உடையைப் பற்றிப் பேசும் வசனங்களில் இருக்கும் சொற்கள் வேறு. 24:31இல் ‘கிமார்’ என்பதன் பன்மை. 33:59இல் ‘ஜில்பாப்’ என்பதன் பன்மை. இரண்டும் குர்ஆன் முழுவதிலும் ஒவ்வொரு தடவைதான் வருகின்றன. கிமார் பிறந்த க-ம-ர வேரிலிருந்து இன்னும் ஆறு இடங்களில் ஒரு சொல் வருகிறது. அது ‘கம்ர்’, மது. மூடுவது என்பது வேரின் பொருள், அறிவை மூடுவதால் மதுவுக்கு அந்தப் பெயர் வந்தது என்று பழைய அரபு அகராதிகள் விளக்குகின்றன. ஆக, உடை என்ற பொருளில் கிமாருக்குக் குர்ஆனுக்குள் சாட்சி ஒரே வரிதான்.

ஆனால் அந்த வரியிலேயே இன்னொரு சொல் இருக்கிறது. கிமார்களை ‘ஜுயூப்’ மேல் போட்டுக்கொள்ளட்டும் என்பது கட்டளை. ஜுயூப் என்பது ‘ஜைப்’ என்பதன் பன்மை. தமிழில் நாம் சட்டை ஜேபி என்கிறோமே, அது இந்தச் சொல்தான், உருது வழியாக வந்தது. இன்றைய அரபியிலும் ஜைப் என்றால் பை. அந்தப் பொருளை இந்த வசனத்தில் வைத்தால் ஒன்றும் விளங்காது. வேறு எங்கே வருகிறது என்று தேடினால் இரண்டு இடம் கிடைக்கிறது: 27:12, 28:32. இரண்டும் மூசா நபியைப் பற்றியவை. உன் கையை உன் ஜைபுக்குள் நுழை, அது வெண்மையாகப் பிரகாசித்து வெளிவரும் என்று இறைவன் சொல்லும் இடம். கை நுழையக்கூடிய, மார்போடு ஒட்டிய திறப்பு. அங்கியின் கழுத்துப் பிளவு. அந்தக் காலத்துப் பெண்கள் தலைத்துணியை முதுகுப் பக்கம் போட்டுக்கொள்வார்கள், கழுத்தும் மார்பின் மேற்பகுதியும் திறந்திருக்கும், அதை மூடச் சொன்னதே இந்த வசனம் என்று உரையாசிரியர்கள் எழுதியதற்கு மூசா நபியின் அங்கி சாட்சி சொல்கிறது. யாருடைய மொழிபெயர்ப்பும் இல்லாமல், குர்ஆனின் ஒரு இடத்தைக் கொண்டு இன்னொரு இடம் விளங்குகிறது. குர்ஆனைக் குர்ஆனைக் கொண்டே விளக்கு என்பது மதரஸாவில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் முதல் விதிகளில் ஒன்று.

தமிழ் மொழிபெயர்ப்புகளை இதே இடத்தில் பிரித்துப் பாருங்கள். கிமாருக்கு ஒன்றில் முந்தானை என்று இருக்கும், இன்னொன்றில் முக்காடு என்று இருக்கும். என் அம்மாவின் முந்தானை தோளில் கிடக்கும். பாங்கு சொன்னால், பெரியவர்கள் வந்தால், அதுவே முக்காடாகத் தலைக்கு ஏறும். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இரண்டும் ஒரே துணி. ஆனால் அதைப் படிக்கும் நீதிபதிக்கோ, கல்லூரி முதல்வருக்கோ, வேறு ஊர்க்காரருக்கோ இரண்டும் ஒன்றாகாது. ஒன்றில் தலை வருகிறது, மற்றதில் வரவில்லை. கிமார் என்பது தலைத்துணி என்றே பழைய அகராதிகள் சொல்கின்றன. இந்த வசனம் இறங்கியதும் பெண்கள் தங்கள் மேலாடையைக் கிழித்து மறைத்துக்கொண்டார்கள் என்று நபியின் மனைவி ஆயிஷா அம்மையார் சொன்னதாக புகாரி ஹதீஸ் தொகுப்பில் வரும் செய்தியும் அதே வேரிலிருந்து வந்த வினையைத்தான் பயன்படுத்துகிறது. ஒரே இடத்தில் வரும் சொல்லுக்கு இப்படி வெளியே போய்த்தான் சாட்சி தேட வேண்டும்.

ஒரு சொல் வரும் எல்லா இடங்களையும் அடுக்கிப் பார்க்கும் இந்த முறை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கண்டுபிடித்து நம் தலையில் கட்டியது என்று நினைக்க வேண்டாம். 767இல் இறந்த முகாத்தில் இப்னு சுலைமான், ஒரே சொல் குர்ஆனின் வெவ்வேறு இடங்களில் எந்தெந்தப் பொருளில் வருகிறது என்று தனி நூலே எழுதினார். அந்த வகை நூல்களுக்கு ‘வுஜூஹ் வ நளாயிர்’ என்று பெயர். ராகிப் அல்-இஸ்ஃபஹானியின் ‘முஃப்ரதாத்’ வேர்வாரியாக அமைந்த குர்ஆன் சொற்களஞ்சியம், இன்றும் மார்க்க அறிஞர்களான ஆலிம்களின் மேசையில் இருக்கிறது. ஜெர்மானியரான குஸ்தாவ் ஃப்ளூகல் 1842இல் லைப்சிக்கில், ஒவ்வொரு சொல்லும் வரும் இடங்களைப் பட்டியலிடும் குர்ஆன் தொடரடைவை அச்சிட்டார். 1945இல் கெய்ரோவில் முஹம்மது ஃபுஆத் அப்துல் பாகீ தொகுத்த தொடரடைவு அதைவிடத் திருத்தமாக வந்து, நம் மதரஸா நூலகங்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. தமிழர்களான நாமும் இதற்குப் புதியவர்கள் இல்லை. சங்க இலக்கியச் சொற்களுக்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1960களின் கடைசியில் சொல்லடைவு வெளியிட்டது. மதுரை ப. பாண்டியராஜா தமிழ் இலக்கியத் தொடரடைவைக் கணினியில் உருவாக்கி எல்லாருக்கும் திறந்து வைத்தார். ஒரு சங்கச் சொல்லுக்குப் பொருள் சொல்ல வருபவர் அந்தச் சொல் வரும் எல்லாப் பாட்டையும் பார்க்காமல் பேசினால் நாம் ஏற்றுக்கொள்வதில்லை.

புதியது வேகமும், எல்லாருக்கும் கிடைப்பதும். கைஸ் டியூக்ஸ் என்ற கணினி ஆய்வாளர் லீட்ஸில் எரிக் அட்வெல்லின் வழிகாட்டுதலில் 2009 வாக்கில் இந்தத் தரவகத்தை ஆரம்பித்தார். 114 அத்தியாயம், 6,236 வசனம், 77,430 சொல். ஒவ்வொன்றுக்கும் இலக்கண வடிவமும், வேர் உள்ளவற்றுக்கு வேரும் குறித்திருக்கிறது. கணினி முதலில் குறித்ததை அரபு இலக்கணம் தெரிந்த தன்னார்வலர்கள் உலகம் முழுவதிலிருந்தும் திருத்திக் கொடுத்தார்கள். யூசுப் அலி, பிக்தால், ஆர்பெரி என்று பல ஆங்கில மொழிபெயர்ப்புகளை ஒரே வசனத்தின் கீழ் வரிசையாகப் பார்க்கலாம். காசு கிடையாது.

சிறுவயதில் எனக்கு ஓதிக்கொடுத்த ஹஜ்ரத் ஒரு ஹாஃபிஸ். ஒரு வசனத்தின் பாதியைச் சொன்னால், இதே மாதிரி இன்னொரு அத்தியாயத்தில் வரும், அங்கே ஒரு எழுத்து மாறும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். முழுக் குர்ஆனும் நெஞ்சில் இருக்கும் ஹாஃபிஸ்களிடம் இந்தத் தொடரடைவு எப்போதுமே இருந்திருக்கிறது. பெண்பிள்ளைகளான எங்களுக்கு ஓதத்தான் சொல்லிக்கொடுத்தார்கள், பொருள் சொல்லிக்கொடுக்கவில்லை. அரபு எழுத்தைப் பிழையில்லாமல் உச்சரிப்போம், என்ன சொல்கிறது என்று தெரியாது. அந்த மனக்குறை எனக்கு இன்னும் உண்டு. இப்போது ஒரு பி.யு. மாணவி சோபாவில் உட்கார்ந்துகொண்டு ஹிஜாப் வரும் ஏழு இடத்தையும் அடுக்கிப் பார்க்கிறாள் என்றால் அதன் மதிப்பு எனக்குத் தெரியும்.

வழக்குக்கு வருகிறேன். ஹிஜாப் இஸ்லாத்தில் அவசியமான மத நடைமுறையா என்பதே அங்கே முக்கியக் கேள்வி. அவசியமான மத நடைமுறை எது என்று நீதிமன்றம் தீர்மானிக்கும் வழக்கம் 1954இல் உச்ச நீதிமன்றத்தின் சிரூர் மடம் வழக்கில் தொடங்கியது. உடுப்பியின் எட்டு மடங்களில் ஒன்று சிரூர். எதிர்த்தரப்பில் இருந்தது சென்னை மாகாணத்து இந்து அறநிலைய ஆணையர். ஹிஜாப் பிரச்சினையும் உடுப்பியின் அரசு பெண்கள் பி.யு. கல்லூரியில்தான் கிளம்பியது. ஒரு மதத்துக்கு எது அவசியம் என்பதை அந்த மதத்தின் கொள்கைகளைக் கொண்டே பார்க்க வேண்டும் என்று 1954இல் சொன்னார்கள். அது நல்ல விதி. ஆனால் அதற்குப் பிறகு நீதிபதிகள் வேதநூல்களைப் படித்துப் பொருள் சொல்லும் கட்டாயத்துக்கு வந்துவிட்டார்கள். 1985இல், விவாகரத்தான ஷா பானுவின் ஜீவனாம்ச வழக்கில் 2:241ஆம் வசனத்தின் ‘மதாஅ’ என்ற சொல்லை ஜீவனாம்சமாகக் கொள்ளலாமா என்று ஆங்கில மொழிபெயர்ப்புகளை வைத்துக்கொண்டு வாதம் நடந்தது. 2016இல் மருத்துவ நுழைவுத் தேர்வு உடை பற்றிய வழக்கில் கேரள உயர் நீதிமன்றம், தலையை மூடுவது அவசியமான மத நடைமுறை என்று சொன்னது. 2022இல் பெங்களூரு நீதிமன்றம், இல்லை என்றது. இரண்டு தீர்ப்பும் அலசியது ஒரே குர்ஆனைத்தான்.

பெங்களூருவில் மனுதாரர் தரப்பு இணையத்தில் கிடைக்கும் ஒரு புதிய ஆங்கில மொழிபெயர்ப்பைக் காட்டியது. நீதிமன்றம் அப்துல்லாஹ் யூசுப் அலியைப் பிடித்துக்கொண்டது. உச்ச நீதிமன்றமே முன்பு அவரை எடுத்தாண்டிருக்கிறது என்பது ஒரு காரணம். யூசுப் அலி 1872இல் பம்பாயில் பிறந்து, ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்து, 1934 முதல் லாகூரில் தம் மொழிபெயர்ப்பைப் பகுதி பகுதியாக வெளியிட்டவர். அவர் உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவருடைய அடிக்குறிப்புகளைப் படித்துத்தான் எங்கள் தலைமுறையில் ஆங்கிலம் படித்த பலர் குர்ஆனின் பொருளைத் தொட்டோம். ஆனால் அவர் ஒரு மனிதர். அவர் தேர்ந்தெடுத்த ஆங்கிலச் சொல்லும் அவர் எழுதிய அடிக்குறிப்பும் அவருடைய கருத்து. லட்சக்கணக்கான பெண்பிள்ளைகளின் படிப்பைத் தொடும் ஒரு முடிவில் அந்தக் கருத்துக்கு மூல நூலின் இடத்தைக் கொடுத்தது சரியில்லை. அந்தப் புதிய மொழிபெயர்ப்பை எடுத்துக்கொண்டிருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

அதே வருடம் அக்டோபர் 13ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளும் பிரிந்து நின்றார்கள். நீதிபதி ஹேமந்த் குப்தா மேல்முறையீடுகளைத் தள்ளினார். நீதிபதி சுதான்ஷு துலியா, அவசியமான மத நடைமுறையா என்ற விசாரணைக்குள் போயிருக்கவே வேண்டாம், இது அந்தப் பெண்ணின் விருப்பம், அவள் படிப்புதான் முக்கியம் என்றார். எனக்கு நீதிபதி துலியா சொன்னது சரி. நான் தலைக்குத் துணி போடுகிறவள். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தி எடுக்கச் சொல்லவும் யாருக்கும் உரிமை இல்லை. தரவகத்தில் என்ன கிடைத்தாலும் இந்த எண்ணம் மாறப்போவதில்லை.

அதனால்தான் இந்த முறையின் எல்லையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு சொல் எத்தனை தடவை வருகிறது என்பதிலிருந்து அது கடமையா இல்லையா என்ற முடிவுக்குப் போக முடியாது. ஒரே தடவை வந்தாலும் கட்டளை கட்டளைதான். ‘ஸமத்’, எந்தத் தேவையும் இல்லாதவன், என்ற சொல் 112ஆம் அத்தியாயத்தில் ஒரே தடவைதான் வருகிறது, ஆனால் இறைவனைப் பற்றிய நம்பிக்கையில் அதற்கு இருக்கும் இடம் எந்த முஸ்லிமுக்கும் தெரியும். சட்டம் எடுப்பதற்கு நபிமொழிகளான ஹதீஸ், சட்டவியலான ஃபிக்ஹு, ஆயிரத்து நானூறு வருடத்து வழக்கம் எல்லாம் வேண்டும். அது ஆலிம்களின் துறை. எங்கள் துறையால் முடிவது அதற்கு முந்திய படி: இந்தச் சொல் இந்த நூலில் இப்படி இப்படி வருகிறது என்று கையூட்டு இல்லாத சாட்சியை மேசையில் வைப்பது.

கணினியில் எண்ணிவிட்டோம் என்று சொல்லி ஏமாற்றியவர்களும் உண்டு. அமெரிக்காவில் குடியேறிய எகிப்தியரான ரஷாத் கலீஃபா 1970களில் கணினி கொண்டு குர்ஆனில் 19 என்ற எண்ணின் அற்புதத்தைக் கண்டதாக அறிவித்தார். நம் ஊர் மேடைகளில்கூட அது முழங்கப்பட்டது. கடைசியில் அந்தக் கணக்கு ஒத்து வருவதற்காக 9ஆம் அத்தியாயத்தின் இறுதி இரண்டு வசனங்களே குர்ஆனில் சேராது என்று சொல்லும் அளவுக்குப் போனார். நாள் என்ற சொல் 365 தடவை, மாதம் என்ற சொல் 12 தடவை என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் இந்த ரகம்தான். ஒருமையை மட்டும் எண்ணுவதா, பன்மையும் சேர்த்தா, ஒட்டு வந்தால் சேர்ப்பதா விடுவதா என்பதை முடிவுக்குத் தோதாக மாற்றிக்கொண்டால் எந்த எண்ணும் வரும். எண்ணும் விதியை எண்ணுவதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும் என்பது எங்கள் வேலையில் பால பாடம்.

இந்த முறையில் ஆராய்ந்தால் நாட்டுக்கு உடனே உதவக்கூடிய சொல் எது என்று கேட்டால் நான் காஃபிரைச் சொல்வேன். தொலைக்காட்சி விவாதங்களில் அதை வசைச்சொல்லாகவே இரு தரப்பும் வீசுகின்றன. க-ஃப-ர வேர் குர்ஆனில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இடங்களில் வருகிறது. தொஷிஹிகோ இஸுட்சு என்ற ஜப்பானிய அறிஞர், முஸ்லிம் அல்லாதவர், 1950களிலும் 60களிலும் குர்ஆனின் முக்கியச் சொற்களை அவற்றின் அண்டைச் சொற்களோடு வைத்து ஆராய்ந்தார். காஃபிரின் செயலைக் குறிக்கும் குஃப்ருக்கு எதிரில் பல இடங்களில் நிற்பது ‘ஷுக்ர்’, நன்றி, என்று அவர் எடுத்துக்காட்டினார். 2:152, 14:7, 27:40, 31:12, 76:3 எல்லாவற்றிலும் இந்த ஜோடியைப் பார்க்கலாம். 26:19இல் எகிப்து மன்னன் ஃபிர்அவ்ன் மூசா நபியைப் பார்த்து நீ காஃபிர்களில் ஒருவன் என்கிறான். உன்னை வளர்த்த எனக்கே இப்படிச் செய்தாயே, நன்றி கெட்டவனே என்பதுதான் அங்கே பொருள். 57:20இல் மழைக்குப் பின் பயிரைப் பார்த்து மகிழும் ‘குஃப்பார்’ வருகிறார்கள். விதையை மண்ணால் மூடும் உழவர்கள் என்று அதற்கு உரை எழுதியவர்கள் பலர். இறைமறுப்பு என்ற பொருள் குர்ஆனில் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மிகப் பல இடங்களில் அதுதான் பொருள். ஆனால் அந்த மறுப்பின் அடியில் பெற்ற கொடையை மறைக்கும் நன்றிகேடு என்ற உணர்வு ஓடுகிறது. இதைத் தெரிந்துகொண்டவர் அந்தச் சொல்லைப் பக்கத்து வீட்டுக்காரர் மேல் எறிவதற்கு முன், தான் நன்றியோடு இருக்கிறேனா என்று தன்னைத்தான் கேட்டுக்கொள்வார்.

பெங்களூருவில் இப்படிச் சொற்களை ஆராயும் வேலையைச் செய்ய ஆளும் இடமும் இருக்கின்றன. நாகவாரா பக்கம் அரபிக் காலேஜ் என்று ஒரு வட்டாரத்துக்கே பெயர் வாங்கிக் கொடுத்த ஸபீலுர் ரஷாத் மதரஸா இருக்கிறது. நாகரபாவியில் தேசிய சட்டப் பள்ளி இருக்கிறது. இங்கிருந்து மூன்று மணி நேரத்தில் மைசூரு, அங்கே 1969இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தமிழ் உள்பட நம் மொழிகளுக்குத் தரவகம் கட்டும் வேலையைப் பல வருடங்களாகச் செய்து வருகிறது. கணினி தெரிந்த பிள்ளைகளுக்கு இந்த ஊரில் பஞ்சமா? மதரஸாவில் ஏழெட்டு வருடம் அரபு இலக்கணம் படித்து வெளிவரும் இளைஞர்கள், பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் இமாமத்துக்கு இடம் தேடி அலைகிறார்கள். அவர்கள் கற்ற ஸர்ஃபும் நஹ்வும், அதாவது சொல்லிலக்கணமும் தொடரிலக்கணமும், இந்த வேலைக்கு அப்படியே தேவைப்படுகிற கல்வி. எங்கள் நிறுவனத்தில் அரபுத் தரவு வேலைக்கு ஆள் கேட்டபோது ஒரு மதரஸா பட்டதாரி வந்தார். கணினியில் தட்டச்சு செய்யத் தெரியாது. வேரைப் பிரிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. தட்டச்சு ஒரு மாதத்தில் வந்துவிட்டது.

நீதிமன்றத்துக்கு என் வேண்டுகோள் சிறியது. எந்த மதத்தின் வேதநூலானாலும் சரி, ஒரு சொல்லின் பொருளை வைத்துத் தீர்ப்பு எழுதுவதானால், அந்தச் சொல் மூல நூலில் வரும் எல்லா இடங்களின் பட்டியலையும் இரு தரப்பிடமும் கேட்டு வாங்கித் தீர்ப்போடு இணையுங்கள். மூல மொழி தெரிந்த ஒருவரை நீதிமன்றத்துக்கு உதவ அழையுங்கள். நிலத் தகராறில் சர்வேயரை அழைப்பதில்லையா?

தமிழுக்கு ஒன்று கேட்கிறேன். அப்துல் ஹமீத் பாகவியின் உழைப்பில் தொடங்கி இன்றுவரை நமக்குப் பல குர்ஆன் மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் அரபு மூலத்தோடு சொல்லுக்குச் சொல் இணைத்து, கிமார் என்று தட்டினால் எந்த மொழிபெயர்ப்பாளர் முந்தானை போட்டார், யார் முக்காடு போட்டார் என்று எந்த மதத்துத் தமிழரும் பார்த்துக்கொள்ளும்படி ஒரு பொதுத் தொடரடைவு வேண்டும். அரபுப் பக்கத்து வேலை 77,430 சொற்களுக்கும் முடிந்து தயாராக இருக்கிறது. தமிழ் உரைகளின் உரிமை வைத்திருக்கும் பதிப்பகங்களும் அறக்கட்டளைகளும் இதற்கு அனுமதி தந்து உதவ வேண்டும். குறியிடும் வேலைக்கு என் மாலை நேரங்களைக் கொடுக்க நான் தயார். அரபு இலக்கணம் தெரிந்த ஆலிம்களும் ஆலிமாக்களும் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.